டம்ளரில் சிவந்த தண்ணீர்

போன வாரம் என் மகள் கயல் — ஏழாம் வகுப்பு — ஹாலில் என்னை உட்கார வைத்து ஒரு வித்தை காட்டினாள். காலி டம்ளர். அதில் மஞ்சளாக ஏதோ தண்ணீரை ஊற்றினாள். என்னவோ முணுமுணுத்தாள். தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது.

"எப்படிம்மா?"

"சொல்ல மாட்டேன்பா. வீட்ல சொல்லக்கூடாதுன்னு பர்வீன் டீச்சர் சொல்லியிருக்காங்க."

வீட்டில் சொல்லக்கூடாதா? அறிவியல் டீச்சர் நடத்துவது பாடமா... பில்லி சூனியமா?

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். கிரிவலப் பாதையில் ஓசியில் மோர் கொடுத்தால்கூட, எதற்குக் கொடுக்கிறார் என்று யோசித்துவிட்டுத்தான் குடிப்பேன். சும்மா இருப்பேனா? டீச்சரை மாற்றச் சொல்லி மனு எழுதினேன். முதல் கையெழுத்து என்னுடையது. இன்னும் நாலு பெற்றோர் போட்டார்கள். திங்கட்கிழமை வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீஸ் போய்க் கொடுப்பதாக ஏற்பாடு.

அந்தச் சந்தேகத்தில் டீச்சரின் பெயருக்கும் பங்கு இருந்ததா? இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவிதான் தடுத்தாள். "கலெக்டர் ஆபீஸ் எங்க ஓடிடப் போவுது? மொதல்ல டீச்சரை ஒரு வார்த்தை கேளுங்க."

சனிக்கிழமை ஐந்து வீட்டுக்காரர்களும் பள்ளிக்கூடம் போனோம். டீச்சர் கோபப்படவில்லை. அதே வித்தையை எங்கள் முன்னால் செய்தார். தண்ணீர் சிவந்தது.

"எப்படின்னு நீங்களே சொல்லுங்க."

ஒருவர் ஏதோ கெமிக்கல் என்றார். ஒருவர் குங்குமம் என்றார். நான் விறைப்பாக, "டம்ளர் அடியில என்னமோ தடவியிருக்கு" என்றேன்.

"சார் விடைக்குக் கிட்ட வந்துட்டாரு. என்ன தடவியிருக்கு?"

டம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்தேன்.

டீச்சர் மேஜையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு. "மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு. நீங்கல்லாம் ஆரத்தி கரைக்கிறதில்லையா? எங்க பக்கத்து வீட்ல கரைக்கிறதைப் பாத்துதான் எனக்குக் கெமிஸ்ட்ரி மேலயே ஆசை வந்துச்சு."

போன மாதம்தான் எங்கள் புது ஸ்கூட்டருக்கு ஆரத்தி சுற்றினோம். தட்டில் இருந்தால் ஆரத்தி, டம்ளரில் இருந்தால் சூனியம்... என்னத்தைச் சொல்ல!

"சரி, வீட்ல சொல்லக்கூடாதுன்னு ஏன் சொன்னீங்க?" — நான் விடவில்லை.

"சொன்னா, அது ஏன் செவக்குதுன்னு நீங்க கூகுள்ல பாத்து விடையைச் சொல்லிடுவீங்க சார். அதோட பசங்க யோசிக்கிறது நின்னுடும். சந்தேகப்படட்டும், செஞ்சு பாக்கட்டும். அப்புறம் ஆளுக்கு ஒரு புது வித்தை கண்டுபிடிச்சுட்டு வரணும். உங்க கயல் எலுமிச்சம்பழம் புழிஞ்சு, செவப்பை மறுபடி மஞ்சளாக்கிட்டா. அது நான் சொல்லிக் குடுத்ததில்ல."

என் மகளா?

மேடையில் வித்தை காட்டுகிறவர், 'ஏமாற்றப் போகிறேன், முடிந்தால் கண்டுபிடி' என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். நம்மை ஏமாற்றும் மற்றவர்கள் அந்த மரியாதையைக்கூடத் தருவதில்லை. அவர்களைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகள் பழக வேண்டாமா? சந்தேகம் வந்தால் கயல் சோதித்துப் பார்க்கிறாள். நான் மனு எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கயலைக் கூப்பிட்டேன். "டீச்சர் எங்கயும் போக மாட்டாங்க. மனுவைக் கிழிச்சுட்டேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"துண்டையெல்லாம் எடுத்துட்டு வாங்கப்பா. ஒட்டிப் பாத்துட்டு நம்பறேன்."