ஐந்தாம் பம்பின் சீட்டு

பம்பு அறையில் அவருக்குப் பெயர் தாலாட்டு. ஓடாத பம்பின் கழுத்தில் அட்டைச் சீட்டு கட்டுவது அவர் வேலை. அவர் கட்டிவிட்டால் அது தூங்குகிறது என்று அர்த்தம். தூக்கத்தில் இத்தனை ரகம் உண்டு என்பதை அவர் இங்கிலீஷிடம்தான் கற்றார். பழுதாகிக் கிடந்தால் 'அவுட் ஆஃப் சர்வீஸ்'. நன்றாக இருந்தும் வேலை இல்லாவிட்டால் 'ஐடில்'. எண்ணெய் பூசி, போர்த்தி, வருஷக்கணக்கில் வைத்திருந்தால் 'டார்மன்ட்'. இந்த மூன்றும் பரம சாது. நாலாவதுதான் பொல்லாதது, 'ஸ்டாண்ட்பை'. அது கோழித்தூக்கம். குழாயில் அழுத்தம் குறைந்தால் யாரையும் கேட்காமல் தானே எழுந்து ஓடும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட மனிதருக்கு இந்த நாலு வார்த்தைகளும் தலைகீழ்ப் பாடம். வீட்டில் மனைவி மதியம் கண்ணயர்ந்தால் 'ஐடில்' என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வார்.

மனைவியின் தம்பி ஃபிட்டர். பட்டறையில் இருந்தவனை இந்த அறைக்கு மாற்றிக்கொண்டு வந்தது தாலாட்டுதான். என் கண்ணெதிரில் இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மாமியாரிடம் மார்தட்டியிருந்தார்.

தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்றதும் மேனேஜருக்குத் திடீரென்று அழகுணர்ச்சி பிறந்தது. எட்டு பம்புகளில் மூன்று ஓடின. ஐந்தாவது நிஜமான ஸ்டாண்ட்பை. மீதி நான்கும் மூச்சு விட்டே வருஷங்கள் ஆகின்றன. பெரியவர்கள் வரும் இடத்தில் நாலு சவத்தைக் கிடத்தி வைப்பார்களா? எல்லாவற்றுக்கும் ஸ்டாண்ட்பை சீட்டே கட்டச் சொன்னார். தாலாட்டு தலையைச் சொறிந்தார். அது வேறே சார், இது வேறே சார் என்று முனகினார். ரெண்டு நாளைக்குத்தானே என்றார் மேனேஜர். கட்டினார்.

வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். சீட்டுகள் போகவில்லை. அவிழ்க்கும்படி மேனேஜர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. கேட்டால் மேனேஜர் முகம் சுளிப்பார், எதற்கு வம்பு? மூன்று மாதம் ஓடிவிட்டது. அதற்குள் அந்தச் சீட்டு சிரிப்புக்குத் தீனியாகியிருந்தது. செத்த பம்பைத் தட்டித் தட்டிக் காட்டி, "எங்க மாமா அகராதியில ஸ்டாண்ட்பைன்னா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்பான் மச்சினன். எல்லோரும் சிரிப்பார்கள். தாலாட்டும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் இப்போது அவரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஒரு காலையில் ஐந்தாம் பம்பில் நீர் கசிந்தது. மச்சினன் மூடியைக் கழற்றினான். சீட்டைப் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டுத்தான் கையை விட்டான். எங்கேயோ ஒரு பெரிய குழாயை யாரோ திறந்தார்கள். அழுத்தம் இறங்கியது. பம்பு விழித்துக்கொண்டது. வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

மூன்று வாரம் கழித்து விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜரும் வெளியூர் அதிகாரி ஒருவரும். இந்தப் பக்கம் கட்டுப்போட்ட கையோடு மச்சினன், பக்கத்தில் தாலாட்டு. எல்லாம் தாலாட்டுக்குச் சாதகமாகவே போயிற்று. பம்பு ஸ்டாண்ட்பை, சீட்டும் ஸ்டாண்ட்பை, படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். சீட்டு கட்டியவர் மேல் குற்றமில்லை, சுவிட்சை அணைக்காமல் கை வைத்தவன் மேல்தான் என்றார் மேனேஜர். வேலையை விட்டு நீக்குவதைத் தவிர வழியில்லையாம். இனி தாலாட்டு தலையாட்டினால் போதும். அன்று காலை மனைவி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. தட்டை வைத்த சத்தமே தம்பிக்காகக் கேட்டுவிட்டது.

"அஞ்சாம் நம்பர் சீட்டு சரிதான் சார்" என்றார். "மத்த நாலும் பொய். நீங்க சொன்னீங்க, நான் கட்டினேன். நாலு பொய்யப் பாத்துப் பழகினவன் அஞ்சாவத எப்படி சார் நம்புவான்?"

மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு அதெல்லாம் இன்றைய விஷயமில்லை என்று சொல்லி, எழுதிக்கொண்டிருந்த காகிதத்தை இந்தப் பக்கம் தள்ளினார். "உங்க ஸ்டேட்மென்ட்ட இப்போதைக்கு எடுத்துக்காம அபேயன்ஸ்ல வெக்கிறோம். கையெழுத்துப் போடுங்க."

இருபத்தாறு வருஷம் சீட்டு கட்டியவருக்கு இது புது வார்த்தை. எழுத்துக்கூட்டிப் பார்த்தார்.

"அது தானா எழுந்திருக்குமா சார், இல்ல யாராவது எழுப்பணுமா?"

வெளியூர் அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். முதலில் கையெழுத்து, அப்புறம் பேச்சு என்றார் மேனேஜர். தாலாட்டு பேனாவை மூடிக் காகிதத்தின் மேல் வைத்தார். தெரிந்த பிறகுதான் போடுவேன், அதுவரை இங்கேயே இருக்கிறேன் என்றார். சாப்பாட்டு மணி அடித்தது. அவர்கள் இருவரும் எழுந்து போய்விட்டார்கள்.

மச்சினனும் எழுந்தான். "வா மாமா, போலாம்."

"நீ போ மாப்ளே. நான் எழுந்தா இது படுத்துடும்."

அவன் கதவு வரை போனான். திரும்பி வந்து, ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தான்.