ஏழுமலை அண்ணனின் ‘டீக் ஹே’

ஏழுமலை அண்ணன் போய்விட்டார். காலையில் பல் தேய்க்கும்போது மாரடைப்பு... கீழ்பென்னாத்தூரில் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு டைப் செய்கிறேன். உட்கார முடியவில்லை.

முன்னாள் ராணுவ ஹவில்தார். ஆசிரமங்கள் நிறைந்த செங்கம் ரோட்டில் நான் வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுஸில் செக்யூரிட்டி.

எப்போதும் சுவரில் முதுகை ஒட்டி, கேட்டிலிருந்து கண் எடுக்காமல் உட்கார்ந்திருப்பார். முக்தி தேடி வந்த வெளிநாட்டுக்காரர்கள் அதைத் தவம் என்று முடிவு செய்தார்கள். ஒரு அம்மா காலிலேயே விழுந்துவிட்டார்.

“எழுந்திரிக்க சொல்லுப்பா, கேட்டு மறைக்குது” என்றார் அண்ணன்.

எல்லையில், முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் சிதறியதைப் பார்த்தவர். அதன்பின் தூக்கம் போயிற்று. மனநோய் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ராணுவ வேலையால் வந்ததல்ல, ‘இயல்பிலேயே இருந்தது’ என்றும் எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே ஊனத்துக்கான பென்ஷன் கிடையாது.

“சேக்கும்போது பல்லு வரைக்கும் எண்ணிட்டுதான் எடுத்தாங்க. அப்ப எங்கப்பா ஒளிச்சி வச்சிருந்தேன்?”

பென்ஷனை விட அந்த ‘இயல்பிலேயே’தான் அவரை அரித்தது. அதை அடித்துவிட்டால் போதும் என்பார்.

அப்பீல் போட்டோம். சென்னையில் மறுபடி மெடிக்கல் போர்டு. பஸ் செஞ்சி தாண்டும் வரை பாடம் நடத்தினேன்.

“தூக்கம் வருதானு கேட்டா?”

“வரல.”

“பெரிய சத்தம் கேட்டா?”

“ஒடம்பு நடுங்குது.”

முழு மார்க்.

உள்ளே யூனிஃபார்மில் இருந்த டாக்டர், எப்படி இருக்கிறீர்கள் ஹவில்தார் என்று இந்தியில் கேட்டார். அண்ணன் குதிகாலைச் சேர்த்து விறைத்து நின்று, “டீக் ஹே சாப்!” என்றார். நன்றாக இருக்கிறேன் ஐயா. அதிகாரி கேட்டால் பட்டாளத்தில் அதற்கு ஒரே பதில்தான்.

டாக்டர் நேர்மையானவர். சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வீட்டில் செல்வி அண்ணி விடவில்லை. “ராவெல்லாம் எங்கிட்ட கத்துறது, அங்க போயி டீக் ஹேவா? அந்த சாப்பையே கட்டிக்கினு இருந்திருக்கலாம்ல!”

“வாய் தானா சொல்லிடுச்சி செல்வி...”

திரும்பவும் நிராகரித்தார்கள். திரும்பவும் அப்பீல். அடுத்த வாரம் விசாரணை.

இங்கே சொந்தக்காரர்கள் மூட்டையாக வெடி வாங்கி வந்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் வெடி இல்லாமல் சாவு எடுப்பதில்லை.

“மிலிட்டரிக்காரன் சாவு, ஊரே அதிரணும்” என்றார் பங்காளி ஒருவர்.

அண்ணி அழுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். “ஒண்ணு வெடிச்சா கூட அத்தனையும் தூக்கி கெணத்துல போட்டுடுவேன். தீபாவளிக்கே கட்டிலுக்கு அடியில கெடந்த மனுஷன்யா...”

மூட்டை வேனுக்குத் திரும்பியது.

பிறகு என் பக்கம் திரும்பினார். “அடுத்த வாரம் நான் வரேன் தம்பி. எந்த சாப் கேட்டாலும் டீக் ஹே சொல்ல மாட்டேன்.”

எடுக்கிறார்கள்... செருப்புச் சத்தம் மட்டும்தான்.

போயிட்டு வாங்க அண்ணே.