நாரைக்குஞ்சு பறக்கட்டும் என்று காத்திருந்த கண்மாய்

ஒரே கண்மாய்க்கு ஐந்து வாரத்தில் இரண்டு முறை போய்வந்தேன். முதல் முறை என் வீட்டுக்காரரோடு, இரண்டாம் முறை தனியாக. காலையில் பஸ் ஏறி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய இடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிற வலைப்பக்கம் இது. இந்தத் தடவை தூரம் குறைச்சல், கட்டுரை கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் முத்துப்பாண்டி ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவு. கூட வேலை பார்ப்பவர்கள் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ லீவு கேட்பார்கள். இவர் மட்டும் சித்திரை மாதத்தில் கேட்பார். காரணம், சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் இவருடைய அப்பா ஊரில் நடக்கும் மீன்பிடித் திருவிழா. அறுவடை முடிந்து கண்மாய் வற்றும்போது ஒரே ஒரு நாள் ஊரே தண்ணீருக்குள் இறங்கும். ஏலம் கிடையாது, விற்பது கிடையாது. பிடித்தவர் பிடித்ததைக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டியதுதான். பக்கத்து ஊர்க்காரர்களும் வரலாம்.

ஆனால் கரையில் வெள்ளைத் துண்டு வீசும்வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. அதை வெள்ளை வீசுவது என்பார்கள். வீசும் உரிமை என் மாமனார் வீட்டுக்கு. இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் இறந்துபோனார். போன வருடம் மழையில்லை, கண்மாய் நிறையவும் இல்லை. ஆகவே இந்த வருடம்தான் இவருடைய முதல் முறை. போனில் இரண்டு வருடமாக இதையே பேசிக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்த மறுநாளே விளக்குத்தூண் பக்கம் போய், ஏழு கடை ஏறி இறங்கி ஒரு துண்டு வாங்கினார். எனக்குச் சேலை எடுத்தபோது இரண்டாவது கடையிலேயே முடித்துவிட்டார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சிக்கல் வந்தது நாரைகளால். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் வருடாவருடம் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டும். அவை இருக்கும் மாதங்களில் ஊரில் வெடி போடுவதில்லை, கிழக்குப் படித்துறையில் துணி துவைப்பதுகூட இல்லை. வழக்கமாகப் பங்குனிக்குள் குஞ்சுகள் பறந்துவிடும். இந்த வருடம் மழை பிந்தியது, நாரைகளும் பிந்தி வந்தன. சித்திரை பிறந்தும் குஞ்சுகள் கூட்டில்தான் இருந்தன.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. இன்னும் தள்ளினால் தண்ணீர் வற்றி மீன் சேற்றில் செத்து நாறும், மிச்சத்தை நாரையே தின்றுவிடும் என்றார்கள் ஒரு பக்கம். ஜனம் இறங்கிக் கலக்கினால் தாய்ப்பறவைகள் போய்விடும், குஞ்சுக்கு இரையும் மிஞ்சாது என்றார்கள் இன்னொரு பக்கம். இரண்டிலும் நியாயம் இருந்தது. கடைசியில், "வீசுறவன் வந்து கரையில நின்னு பாத்துச் சொல்லட்டும்" என்று இவர் தலையில் கட்டிவிட்டார்கள். இவருக்கு வியாழக்கிழமை ஃப்ளைட். இருந்தது ஒரே ஒரு ஞாயிறு.

அந்த ஞாயிறு காலை, எங்கள் வீடு இருக்கும் பழங்காநத்தத்தில் 4.50க்குக் கிளம்பி ஷேர் ஆட்டோவில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு, ஆளுக்கு இருபது ரூபாய். 5.25க்கு டவுன் பஸ். இவருக்குப் பதினைந்து ரூபாய், எனக்கு மகளிர் இலவசம். அதைச் சொல்லிக் கொஞ்சம் கெத்துக் காட்டினேன். பன்னிரண்டு கிலோமீட்டரை முப்பத்தைந்து நிமிடத்தில் கடந்து ஆறு மணிக்குச் சமயநல்லூர். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய்.

"கொக்கு கண்மாய்க்காண்ணே? இன்னைக்கு வெள்ளை வீசுறாங்களாம்ல?" என்றார் ஓட்டுநர்.

"தெரியலப்பா. போனாத்தான் தெரியும்" என்றார் இவர். வீசப்போகிறவரே தான்தான் என்று சொல்லவில்லை.

"வருசம் பூரா பறவைக்குத்தான் விட்டிருக்கோம். மனுசனுக்குன்னு ஒரு நாளு. அதையும் விடமாட்டேங்குதுக."

இவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

கரையில் இருநூறு பேராவது இருப்பார்கள். ஆளுக்கொரு ஊத்தா, வலை, ஒன்றுமில்லாதவர்கள் கொசுவலை. ஊத்தா என்றால் அடியில்லாத கூடை. மீன் மேல் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டுப் பிடிப்பார்கள். மடையைப் பார்த்துக்கொள்ளும் ராசு அண்ணன் எங்களை ஒரு வாகை மரத்தடியில் நிறுத்தினார். எதிரே கருவேல மரங்கள். கிளை தெரியாமல் நாரைகள். கூடுகளில் அழுக்கு வெள்ளையில் குஞ்சுகள் வாயைத் திறந்து நின்றன.

"பாரு மாப்ள. எறக்க மொளைச்சிருச்சு, பறக்கத் தெரியல. இன்னும் மூணு நாலு வாரம் ஆகும்."

"தண்ணி அம்புட்டு நாள் நிக்குமாண்ணே?"

"நின்னாலும் நிக்கும். சொல்ல முடியாது."

இவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். ஏர்போர்ட்டில் உள்ளே போகும்போது என்னை அப்படித்தான் பார்ப்பார். வீசிவிடுங்கள் என்று என் வாய்வரை வந்தது. உண்மையைச் சொன்னால் அன்று எனக்கு நாரைகள் மேல் கோபம்தான்.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. மரத்திலிருந்து செவ்வெறும்புகள் இவர் தோளில் விழுந்திருக்கின்றன. ஒன்று கழுத்தில் கடித்ததும் மனிதர் துண்டை உருவி, விரித்து, பலமாக இரண்டு உதறு உதறினார்.

கரை நெடுக ஒரே சத்தம். இருநூறு பேரும் தண்ணீருக்குள் பாய்ந்தார்கள்.

"ஏறுங்கப்பா! நான் வீசல! எறும்பு! எறும்பத்தான் உதறுனேன்!" என்று கத்திக்கொண்டே இவரும் இறங்கி ஓடினார். யார் காதில் விழும்? நாரைகள் மொத்தமாக எழும்பின. மரங்களில் குஞ்சுகள் மட்டும் நின்றன. பயத்தில் மூன்று குஞ்சுகள் தண்ணீரில் விழுந்தன. இரண்டை ராசு அண்ணன் இறங்கிப் போய் எடுத்துக் கிளையில் வைத்தார். மூன்றாவது சேற்றில் சிக்கிச் செத்துவிட்டது. மேலே பருந்து வட்டமிட ஆரம்பித்தது.

ஊத்தாவோடு நின்ற ஒரு பக்கத்து ஊர்க்காரர் இவரைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளைய வீசிட்டு ஏறுன்னா எப்புடி? எந்த ஊரு வழக்கம் இது?"

இடுப்பளவு தண்ணீரில் நின்ற இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அண்ணே, வியாழக்கெழம நான் போறேன். இத விட்டா எனக்கு ரெண்டு வருசம் கழிச்சுத்தான். இதுக்குன்னே வந்தவன் நான். நானே ஏறுறேன். நீங்களும் ஏறுங்க."

அவர் சிறிது நேரம் இவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஊத்தாவைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார். ஒவ்வொருவராக மற்றவர்களும் ஏறினார்கள். சிலர் முணுமுணுத்தார்கள், ஒருவர் நேராகவே திட்டினார். நாரைகள் திரும்பி வரும்வரை இவர் நகர மாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாற்பது நிமிடத்தில் அவை வந்துவிட்டன. நாற்பது நிமிடம்தான். பொறாமையாக இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வரும்வரை இவர் காலைக் கழுவவில்லை. துண்டைத் துவைக்கிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டார். சேற்றுக்கறையோடு அது கொடியில் கிடந்தது. வியாழக்கிழமை கிளம்பிப் போனார்.

ஐந்தாம் வாரம் ராசு அண்ணன் போன் செய்தார். "தங்கச்சி, எல்லாம் பறந்துருச்சு. நடுவுல ஒரு கோடைமழை பேஞ்சதால மடைகிட்ட முழங்காலுக்கு மேல தண்ணி நிக்குது. ஞாயித்துக்கெழம வச்சிருக்கோம். மாப்ள துண்ட எடுத்துட்டு வந்துரு."

குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முழுதும் எழுதிவிட்டு வந்தால் எனக்குச் சொல்ல மனம் வராது. ஊர்ப் பெயரைப் போடவில்லை, போட்டால் அடுத்த வாரமே ட்ரோன் வந்து நிற்கும். சமயநல்லூர் ஆட்டோக்காரர்களிடம் கொக்கு கண்மாய் என்றால் தெரியும், நாலு பேர் சேர்ந்து போனால் ஆளுக்கு முப்பது ரூபாய். நாரை பார்க்க மார்கழி முதல் பங்குனி வரை போங்கள், காலை எட்டு மணிக்குள். வெயில் ஏறினால் நிழலுக்கு அந்த வாகை மரம்தான், எறும்பு உண்டு. கண்மாய்ப் பக்கம் கடை எதுவும் கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். கூடு இருக்கும் காலத்தில் கிழக்குப் படித்துறையில் இறங்காதீர்கள். மீன்பிடி நாள் எப்போது என்று என்னைக் கேட்காதீர்கள், நாரைகள்தான் முடிவு செய்கின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முன்னூறைத் தாண்டும். கருவேல மரங்களில் காலிக் கூடுகள். துண்டை ராசு அண்ணனிடம் நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

"அவன் வீசட்டும் தங்கச்சி. போனைப் போடு."

"போன்லயாண்ணே?"

"ஏறுன்னு சொன்னவன் அவன்தான? எறங்குன்னும் அவனே சொல்லட்டும்."

மணி 6.55. ஷார்ஜாவில் 5.25. ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும், குளித்துக் கிளம்பியிருப்பார். கரையில் டவர் சரியாக இல்லை, மூன்றாவது தடவைதான் வீடியோ கால் கிடைத்தது. பின்னால் இரண்டடுக்குக் கட்டில், அதில் யாரோ போர்த்திப் படுத்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் இவர் சிரித்தார். பிறகு துண்டைத் தேடினார். அங்கே வெள்ளைத் துண்டு இல்லை. வெள்ளைத் தலையணை உறையை உருவி எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

ராசு அண்ணன் போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். முன்னூறு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"வீசிட்டான்டா!"

கரை காலியானது. சத்தம், சேறு, கெண்டை துள்ளுவது, ஊத்தா விழுகிற ஓசை. போன மாதம் சண்டை போட்ட அந்தப் பக்கத்து ஊர்க்காரர் முதல் விராலைப் பிடித்து, போனை நோக்கித் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். போன் மறுபடி என் கைக்கு வந்தது.

"தண்ணியக் காட்டு" என்றார் இவர். காட்டினேன். அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். உறையவில்லை, தலையணை உறையை இன்னும் கையில் வைத்திருந்தார்.

"நீ எறங்கு."

"சேலையோடயா? எனக்கு மீன் பிடிக்கவே வராதுங்க."

"பிடிக்க வேணாம். சும்மா எறங்கு."

செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, போனைத் தலைக்கு மேல் பிடித்தபடி இறங்கினேன்.

"எப்புடி இருக்கு?"

"வெதுவெதுன்னு இருக்குங்க. சேறும் சுடுது."

"அது மேலதான். கால அமுக்கி வையி. அடியில குளுந்திருக்கும்."

அமுக்கினேன். கணுக்கால்வரை உள்ளே போனதும் குளிர்ந்தது. குளிருது என்று நான் சொல்வதற்குள் டவர் போய்விட்டது. மணி 7.20, அங்கே 5.50. இவர் பஸ் ஏறக் கிளம்பியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், அந்தச் சத்தத்தில் யாருக்கும் தெரியாது.

குறிப்புகளில் ஒன்று விட்டுப்போய்விட்டது. கண்மாயில் இறங்குகிறவர்கள் சேறு சுடுகிறதென்று உடனே ஏறிவிடாதீர்கள். காலை நன்றாக அமுக்கி வைத்துக் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.