அத்தான் சேமித்து வைத்திருந்த இலக்கம்

அக்கா மெல்பேணில் கலியாணம் முடித்தவர் ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த ஹசாரா இனத்தவர். முதல் தடவையாகக் குருக்கள்மடத்து எங்கள் வீட்டுக்கு அவர் வந்தபோது, முகத்தைப் பார்த்துச் சீனாக்காரர் என்றுதான் ஊரில் கதைத்தார்கள். அத்தானுக்கு அது பழகிப்போயிருந்தது. சிரித்துக்கொண்டே கைபேசியில் பாமியான் மலைகளைக் காட்டுவார். மொட்டைப் பாறைகள், அடியில் ஒரு கீற்றாக உருளைக்கிழங்கு வயல், மாதக்கணக்கில் எல்லாவற்றையும் மூடிக்கிடக்கும் பனி.

"இதுக்குள்ள மனிசர் எப்பிடி இருக்கிற?" என்று அம்மா கேட்டார்.

அக்கா அவரிடம் கேட்டுச் சொன்னார். "மலைக்குள்ள இருந்தாப் பயமில்லையாம். ரவுணுக்கு வந்தாத்தானாம் பயம்."

நகரத்துக்குப் போகப் பயம் என்பதைப் பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம்.

மூன்றாம் நாள் காலை பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அத்தானுக்கு அழைப்பு வந்தது. குழைத்த பிட்டு கையிலேயே இருந்தது. காபூலில் ஒரு டியூசன் வகுப்பில் குண்டு வெடித்திருந்தது. பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் வகுப்பு. அவருடைய கடைசித் தங்கை அங்கேதான் படித்தாள்.

அத்தான் கத்தவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து காபூலில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்தார். இலக்கத்தைத் தேடவில்லை. ஏற்கெனவே சேமித்து வைத்திருந்தார்.

நான் அக்காவைப் பார்த்தேன்.

"போன முறை குண்டு வெடிச்சு அவர்ட மாமாட மகனத் தேடக்குள்ள எடுத்த நம்பர்."

"போன முறையா?" என்றேன்.

"படிக்கிற புள்ளையளுக்கு ஆரு புள்ள குண்டு வைக்கிற? என்னத்துக்கு?" என்று அம்மா கேட்டார்.

"ஹசாரா எண்டதுக்குத்தான் அம்மா. முகத்தப் பாத்தாலே தெரியும்தானே" என்றார் அக்கா.

சண்டைக் காலத்தில் சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி வளர்ந்தவள் நான். ஆனாலும் முகமே போதும் என்பதை நினைத்துப் பார்த்ததில்லை.

மத்தியானம் தாண்டித் தங்கையே அழைத்தாள். உயிரோடு இருந்தாள். ஒரு காது கேட்கவில்லை. வகுப்பில் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த சிநேகிதி இறந்துவிட்டாள். அப்போதுதான் அத்தான் அழுதார். அம்மா அவர் முதுகைத் தடவி, "அழுங்க மகன்" என்றார். அத்தானுக்குத் தமிழ் தெரியாது என்பதை மறந்துபோனார்.

தங்கை இப்போது எல்லை தாண்டிக் குவெட்டாவில் உறவினர் வீட்டில் இருக்கிறாள். மெல்பேணுக்கு விசா கிடைக்கக் காத்திருக்கிறாள். சில நாட்களுக்கு முன் அக்கா அவளைத் தொலைபேசியில் எங்களோடு கதைக்க வைத்து, இடையில் மொழிபெயர்த்தார். அம்மா முதலில் காதைப் பற்றித்தான் கேட்டார். அவளோ, உங்கள் ஊரில் பெண்பிள்ளைகளை எத்தனையாம் வகுப்பு வரைக்கும் படிக்க விடுவார்கள் என்று கேட்டாள். அவள் ஊரில் இப்போது ஆறாம் வகுப்போடு சரியாம்.

அம்மா கைபேசியை என்னிடம் நீட்டினார்.