கதவில் எழுதிய புதுக்கடை

இலக்கை எழுதி, கண்ணில் படும் இடத்தில் வைக்கச் சொன்னார்கள், தொழில் பயிற்சியில். நான் பாளையங்கோட்டையில் இருக்கும் என் தையல் கடைக் கதவிலேயே எழுதினேன்: "கிறிஸ்துமஸுக்குள் புதுக்கடை." அதற்குப் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் பூட்டிவிட்டுப் பெரிய கடை தேடி அலைந்தேன். கிறிஸ்துமஸ் துணிகளை நம்பித்தான் எங்கள் வருடமே ஓடும். டிசம்பர் பிறந்தும் ஒரு துணி வரவில்லை. வழக்கமாக வரும் டீச்சரை வழிமறித்துக் கேட்டேன்.

"கடை பூட்டிக் கெடக்கு, கதவுல புதுக்கடைன்னு வேற போட்டிருக்கு. எடத்த மாத்திட்டியள்னுல்லா நெனச்சோம், அண்ணாச்சி! எதிர்க்கடையில குடுத்துட்டோம்."

ஓடிப்போய் அதை அழித்துவிட்டு, "இங்கனதான் இருப்பேன்" என்று எழுதினேன்.

மனைவி வாசித்தாள். "இதுல்லா பெரிய இலக்கு! ஒங்களால முடியுமா?"

ரோஷத்தில் டீ குடிக்க வெளியே போக எழுந்தவன், அவள் சிரிப்பைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தேன்.