பெயர் நறுக்கிய மாத்திரை

எங்கள் தெரு டாக்டரைக் குறை சொன்னால் தெருவில் பாதிப்பேருக்குக் கோபம் வரும். வரட்டும். கைராசிக்காரர், சொல்வதைப் பொறுமையாகக் கேட்பார், எல்லாம் நிஜம்தான். ஆனால் அவர் எழுதும் மாத்திரை, அவருடைய மாடிப்படிக்குக் கீழே உள்ள மருந்துக்கடையைத் தவிர தூத்துக்குடியில் வேறெங்கும் கிடைக்காது. அந்தக் கடையில் அட்டையை முழுசாகத் தரமாட்டார்கள். பெயர் அச்சடித்த பக்கத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, மிச்சத்தைக் காகித உறையில் போட்டு, மேலே ‘காலை 1’ என்று எழுதித் தருவார்கள்.

என் வீட்டுக்காரர் கடலில் முங்கிச் சங்கு குளிக்கப் போகிறவர். ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் சொன்னதிலிருந்து மூன்று வருடமாக அந்த உறைதான் எங்கள் அலமாரியில். சங்கு கிடைக்காத மாதத்திலும் அதற்கு முதலில் காசு எடுத்து வைத்துவிடுவேன்.

போன வருடம் அரசாங்கத்திலிருந்து வீடு வீடாக வரும் நர்ஸ் பெண் அவரைச் சோதித்தாள். கொதிப்பு கூடுதலாக இருந்தது. “ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றால் தராமல் போய்விடுவாளோ என்று இவர் இல்லை என்று சொல்லிவிட்டார். அவள் ஒரு அட்டையை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இவர் இரண்டையும் விழுங்கினார். “ஏளா, அது சும்மா தர்ற மாத்திரை. அதுல என்ன இருக்கப் போவுது? டாக்டர் மாத்திரைக்குத் தொணையா கெடக்கட்டும்” என்றார். நானும் தலையாட்டினேன். காசு கொடுக்காத மருந்து மருந்தே இல்லை என்று நம்பிப் பழகிய புத்தி. அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அந்த வாரமே, வள்ளத்தின் விளிம்பில் நின்று காற்றுக்குழாயை வாயில் வைத்துக் குதிக்கப் போனவர் கண் இருட்டிச் சாய்ந்தார். கூட இருந்தவர்கள் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்கள். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் தண்ணீருக்கு அடியில் மயங்கியிருப்பார்.

நர்ஸ் பெண்ணை வரவழைத்து இரண்டையும் காட்டினேன். உறையைப் புரட்டிப் பார்த்தாள். “பேரே இல்லையே அக்கா. உள்ள என்ன மருந்துன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க” என்றாள்.

மறுநாள் காலை டாக்டர்முன் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். “அந்த இலவச மாத்திரைய நிறுத்தச் சொல்லு. நான் வேற ஒண்ணு எழுதித் தாரேன், கீழ வாங்கிக்க” என்றார்.

“வேற வேண்டாம் சார். இதுவரைக்கும் தந்ததுக்குள்ள என்ன மருந்து இருந்துச்சு? அந்தப் பேர எழுதித் தாங்க.”

“பேரத் தெரிஞ்சு என்ன செய்யப் போற? நீ டாக்டரா?”

“டாக்டர் இல்ல. அதச் சாப்பிடுதவரு பொண்டாட்டி.”

அடுத்த ஆளைக் கூப்பிட மணியடித்தார். நான் எழுந்திருக்கவில்லை. உள்ளே வந்தவர் நின்றார், அவருக்குப் பின்னால் இன்னொருவர் எட்டிப் பார்த்தார். அதுவரை யாரிடமும் குரல் உயர்த்தாதவள் நான். “எழுதித் தாங்க, போயிருதேன்” என்று வாசல்வரை கேட்கும்படி சொன்னேன். சீட்டைக் கிழித்து, பேரை எழுதி என் பக்கம் தள்ளினார்.

நர்ஸ் பெண் சீட்டையும் இலவச அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே மருந்து, ஒரே அளவு. ரெட்டிப்பாக விழுங்கியதில் கொதிப்பு ஒரேயடியாக இறங்கித்தான் அவருக்குக் கண் இருட்டியிருக்கிறது.

இப்போது அந்த இலவச மாத்திரை ஒன்றுதான், அதுவும் அவள் சொல்லும் அளவில்தான். சீட்டை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, தன் உறையோடு அதே மாடிப்படி ஏறியிருக்கிறாள். டாக்டர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும். என் வீட்டுக்காரர் முங்கிய இடத்திலிருந்து மேலே வருகிறார்.