டாக்டருக்கு எத்தனை மார்க்?

டாக்டரிடம் கையைக் கட்டிக்கொண்டு பேசுகிறவர்கள், 'டாக்டர் எப்படி?' என்று போனில் கேட்பவளிடம்தான் வாயைத் திறப்பார்கள். கொரோனா காலத்தில் அதுதான் என் வேலை. ஒரகடம் பக்கம் ஒரு மருத்துவமனை. வீடியோவில் டாக்டரைப் பார்த்தவர்களைக் கூப்பிட்டு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் கேட்க வேண்டும். மூன்று மாதப் பயிற்சி முடியும்போது அந்த மார்க்குகளின் சராசரி நாலு இருந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. 'ரெண்டு நிமிஷம் பேசலாங்களா' என்று தொடங்கித் திட்டு வாங்கியவர்களுக்கு என் நிலைமை புரியும். இதில் ஒரு விதி வேறு: ஐந்துதான் உயர்ந்தது என்று நாங்கள் சொல்லக் கூடாது. அது மார்க்கைச் சொல்லிக்கொடுத்ததாகிவிடுமாம்.

ஒண்ணு

படப்பையில் ஓர் அம்மா, டாக்டரைப் பத்து நிமிடம் புகழ்ந்தார். ஜுரம் போன நேரம், டாக்டர் சிரித்த சிரிப்பு எல்லாம் சொன்னார். மார்க் கேட்டேன். ஒண்ணு என்றார். யோசித்துச் சொல்லச் சொன்னேன். அதற்கு மேல் பேச எனக்கு அனுமதி இல்லை. அழாத குறையாக ஒன்று என்றே பதிவு செய்தேன். "இதுல யோசிக்க இன்னாம்மா கீது? என் பொண்ணு ஒண்ணாவது ரேங்க் வந்தா சந்தோசமா, அஞ்சாவது வந்தா சந்தோசமா?"

ரீவொர்க்

இருங்காட்டுக்கோட்டையில் மூன்று பேர் தங்கும் வாடகை அறை. பேசியவர் கார் பாகங்களைச் சோதித்து, குறையுள்ளதை ரீவொர்க்குக்கு, அதாவது திருத்தத் திருப்பி அனுப்பும் வேலையில் இருப்பவர். சத்தம் ஓகே, படம் ஓகே, மாத்திரை ஓகே என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்து வரப்போகிறது என்று விரலைத் தயாராக வைத்திருந்தேன். "முதல் செக்கிங்லயே யாருக்கும் ஃபுல் மார்க் போட மாட்டோம் மேடம். மூணு போட்டு ரீவொர்க்குக்கு அனுப்புங்க."

மௌனம்

குன்றத்தூர் ஷேர் ஆட்டோ டிரைவர் ஒருவர், மருத்துவமனை என்றதும் பேச்சை நிறுத்திவிட்டார். மூன்று முறை மார்க் கேட்டேன். 'ஆ' என்று மட்டும் சத்தம் வந்தது. மூச்சுத் திணறலோ என்று பயந்து, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். "எம்மா நேரம் நாக்கை நீட்டிக்கினு கீறது? சீக்கிரம் பாரும்மா, சவாரி நிக்குது."

என் மார்க்

கடைசி நாள், என் சராசரி மூன்றைத் தொடவில்லை. சூப்பர்வைசர் சார் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். படப்பை அம்மா பேசியதை இரண்டாம் முறையும் கேட்டார். பிறகு, சராசரி குறைந்தால் அவரே ஐந்துக்கு மார்க் போடும் என் மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்து, எனக்கு எத்தனை போடலாம் என்று என்னையே கேட்டார். நான் எண்ணைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது சார் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். "நீ திருந்த மாட்ட. நாலு போட்டிருக்கேன், நாளைலேந்து ஒழுங்கா ஒம்பது மணிக்கு வா."

வேலை கிடைத்துவிட்டது, நாலு மார்க் வாங்கினேன் என்று வீட்டில் சொன்னபோது, எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நூற்றுக்கு நாலு எடுத்துவிட்டாளே என்று அம்மா அன்று சாப்பிடவில்லை.